மழையும் ரேடாரும்: இளநிலை மாணவர்களுக்கான கேள்வி பதில்

கேள்வி: இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் கல்லூரியில் வானிலையியல் பாடம் இல்லை. மழை ஆராய்ச்சிக்குள் எப்படி நுழைவது?

பதில்: மின்காந்தவியல், புள்ளியியல், கொஞ்சம் நிரலாக்கம் ஆகியவை தொடங்கப் போதும். முதலில் மனத்தில் பதிய வேண்டியது இதுதான்: ரேடார் அனுப்பும் அலை மழைத்துளிகளில் பட்டுத் திரும்பும் வலிமையையே எதிரொளிப்பு என்கிறோம்; சிறு துளிகளின் எதிரொளிப்பு அவற்றின் விட்டத்தின் ஆறாம் அடுக்கைப் பொறுத்தது, நீரின் அளவோ மூன்றாம் அடுக்கை. 4 மி.மீ. துளி ஒன்று, 1 மி.மீ. துளிகள் 4,096 சேர்ந்து தரும் எதிரொளிப்பைத் தரும். அதிலுள்ள நீரோ 64 துளிகளின் நீர்தான். அதனால்தான் மார்ஷல், பால்மர் பெயரால் வழங்கும் Z = 200 R^1.6 என்ற உறவு (Z எதிரொளிப்பு, R மணிக்கு மி.மீ. கணக்கில் மழைவீதம்) எல்லா மழைக்கும் பொருந்துவதில்லை. ஒரே ஒரு புயல்மழை நாளின் தரவை எடுத்து, 200, 1.6 என்ற எண்களுக்குப் பதிலாக 300, 1.4 இட்டு மீண்டும் கணக்கிடுங்கள். இரு விடைகளுக்கும் உள்ள இடைவெளியே உங்கள் முதல் ஆய்வுக் கேள்வி.

கேள்வி: எந்த மென்பொருள்? தரவு எங்கே கிடைக்கும்?

பதில்: பைத்தானில் பை-ஆர்ட், டபிள்யூராட்லிப் இரண்டும் இலவசம். அமெரிக்காவின் வானிலை ரேடார் வலையமைப்பான நெக்ஸ்ராட்டின் தரவும் இலவசமே. ஆனால் அதில் எதிரொளிப்பு டெசிபல் என்ற மடக்கை அளவில் இருக்கும்; அந்த மதிப்புகளை அப்படியே சராசரி எடுக்காதீர்கள்.

கேள்வி: மழைமானி காட்டுவதுதானே உண்மை? ரேடார் வெறும் ஊகம்தானே?

பதில்: இதை நான் ஏற்கவில்லை. மழைமானியின் வாய் ஒரு சாண் அகலம். ஒரு பாகை அகலமுள்ள ரேடார் கற்றையோ 100 கி.மீ. தொலைவில் சுமார் 1.7 கி.மீ. அகலம். பலத்த காற்றில் மழைமானியும் துளிகளைத் தவறவிடுகிறது.

கேள்வி (அவரே): கற்றை தரையைத் தொடுவதே இல்லையே, ஐயா!

பதில்: இது சரியான எதிர்வாதம். அரைப் பாகை ஏற்றத்தில் அந்தத் தொலைவில் கற்றையின் மையம் ஏறத்தாழ 1.5 கி.மீ. உயரத்தில் இருக்கும். நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் விழும் துளி தரையைத் தொட நான்கு நிமிடத்துக்கு மேலாகும். அதற்குள் நொடிக்கு 10 மீட்டர் காற்று அதை 2.5 கி.மீ. தள்ளிவிடும், வழியில் ஒரு பகுதி ஆவியாகவும் கூடும். ஆகவே ரேடாரின் ஒரு கட்டத்தை அதற்கு நேர் கீழே உள்ள மழைமானியோடு அதே நிமிடத்தில் ஒப்பிட்டு ஒன்றைப் பொய் என்பது முறையன்று. இரண்டும் வெவ்வேறு இடத்தையும் நேரத்தையும் அளக்கின்றன. அந்த வேறுபாட்டைக் கணக்கில் கொண்டு இரண்டையும் இணைப்பதில் இன்னும் நிறைய வேலை இருக்கிறது.

கேள்வி: எந்த மென்பொருள் நல்லது?

பதில்: மேலே இரண்டாம் பதிலில் இருக்கிறது.

கேள்வி: இயந்திரக் கற்றலை நேரடியாகப் பயன்படுத்தலாமா?

பதில்: பயன்படுத்தலாம், ஆனால் மலையின் எதிரொலியையும் உருகும் பனியடுக்கு கனமழைபோல் காட்டும் பிரகாசப் பட்டையையும் உங்கள் கண்ணால் அடையாளம் காணக் கற்ற பிறகு.

கேள்வி: நாளை எங்கள் ஊரில் மழை வருமா?

பதில்: உங்கள் வானிலை அலுவலக அறிவிப்பைப் பாருங்கள்.

கேள்வி: மாதச் சராசரி எதிரொளிப்பிலிருந்து மழையைக் கணக்கிட்டேன், மழைமானியைவிட மிகக் குறைவாக வருகிறது. ஏன்?

பதில்: டெசிபலிலேயே சராசரி எடுத்திருப்பீர்கள். 20, 40 என்ற இரண்டின் டெசிபல் சராசரி 30. மார்ஷல்–பால்மர் உறவின்படி அது மணிக்கு 2.7 மி.மீ. ஒவ்வொன்றையும் முதலில் மழைவீதமாக மாற்றிப் பிறகு சராசரி எடுத்தால் 6 மி.மீ. வரும். நிரலில் சராசரி எடுக்கும் வரியை மாற்றிவிட்டு மீண்டும் ஓட்டிப் பாருங்கள்.