ஐயாவின் டால்பின் பேட்ஜும் ரிகா படமும்

கானாடுகாத்தான் வீட்டு மேல்மாடிப் பெட்டியில் இருந்த பித்தளை பேட்ஜில் இரண்டு டால்பின், கூடவே ‘ரிகா, 1967’ என்று எழுதிய படம், ஐயா எந்தக் கப்பலில் இருந்தார் என்று கேட்டிருக்கிறீர்கள். கப்பல் இல்லைங்க, அநேகமாக நீர்மூழ்கி. டால்பின் அந்தப் பிரிவின் அடையாளம். நம் முதல் நீர்மூழ்கி ஐ.என்.எஸ். கல்வரி, 1967 டிசம்பர் 8 அன்று சோவியத் லாட்வியாவின் ரிகா துறைமுகத்தில்தான் கடற்படையில் சேர்ந்தது. முதல் தலைமை அதிகாரி கமாண்டர் கே. எஸ். சுப்பிரமணியன். டிசம்பர் 8 இன்றும் நீர்மூழ்கி தினம்.

படத்தில் பனியும் கம்பளிக் கோட்டும் இருந்தால் சந்தேகமே குறையும். ஆனால் பேட்ஜ் மட்டும் போதாது. பென்ஷன் புத்தகம், டிஸ்சார்ஜ் சான்றிதழ் இருக்கிறதா பாருங்கள். மாலுமியாக இருந்திருந்தால், சர்வீஸ் எண்ணோடு மும்பை மான்கூர்டில் உள்ள கடற்படை மாலுமிகள் அலுவலகத்துக்கு எழுதலாம்.

அப்பத்தாவுக்கு ஒன்றும் தெரியாததில் வியப்பில்லை. அந்த வேலையில் வீட்டில் பேசுவது குறைவு.

முடிந்தால் விசாகப்பட்டினம் போய் வாருங்கள். அங்கேதான் நீர்மூழ்கித் தளமான வீரபாகு. கடற்கரையில் கல்வரி வகையைச் சேர்ந்த குர்சுரா அருங்காட்சியகமாக நிற்கிறது. 91 மீட்டர் நீளம், உள்ளே குனிந்துதான் கதவு தாண்ட வேண்டும். நம் வளவில், அவ்வளவு பெரிய முற்றத்து வீட்டில், வளர்ந்த பிள்ளை அதற்குள் எப்படிப் படுத்தார் என்று தோன்றும்.

அப்புறம், பேட்ஜைப் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், அது அண்டா இல்லை.