ரவுட்டரை எங்கே வைப்பது?

கே: ஃபைபர் இணைப்பு வாசல் பக்க அறையில் வந்து நிற்கிறது, ரவுட்டரும் அங்கேயே இருக்கிறது. கடைசி அறையில் வீடியோ அழைப்பு திக்கித் திணறுகிறது. விலை கூடிய ரவுட்டராக மாற்றலாமா?

ப: கொஞ்சம் பொறுங்கள். கம்பி நுழையும் இடத்திலேயே ரவுட்டரும் இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. மூலையில் இருந்தால் சிக்னலில் பாதிக்கு மேல் தெருவுக்குத்தான் போகும். ஃபைபர் பெட்டி அங்கேயே இருக்கட்டும். அதிலிருந்து ஈதர்நெட் கேபிள் இழுத்து ரவுட்டரை வீட்டின் நடுவே கொண்டுவாருங்கள். 100 மீட்டர் வரை தாங்கும். இரண்டும் ஒரே பெட்டியாக இருந்தால், நடுவில் தனி ரவுட்டர் ஒன்றை ஆக்சஸ் பாயின்ட்டாக, அதாவது கேபிளில் வரும் இணைப்பை வைஃபையாகப் பரப்பும் கருவியாகப் போட்டுக்கொள்ளலாம். ஃபைபர் கம்பியை மட்டும் நீங்களாக மடக்கி இழுக்காதீர்கள்.

அப்புறம், நடு வீடு என்றதும் இரும்பு அலமாரிக்குள்ளோ டிவிக்குப் பின்னாலோ ஒளித்து வைத்துவிடக் கூடாது. அழகுக்கு இடைஞ்சல்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உலோகம் அலையைத் திருப்பியடிக்கும். பெரிய நிலைக்கண்ணாடியின் பின்பூச்சும் அப்படித்தான். மீன் தொட்டியின் தண்ணீர் அலையை உறிஞ்சிக்கொள்ளும். மேசைக்கு மேலே, திறந்த இடமே நல்லது.

கே: ஆன்டெனாக்களைப் படுக்கையறைப் பக்கம் நீட்டி வைத்திருக்கிறேன். சரியா?

ப: சரியில்லை. குச்சி ஆன்டெனாவின் நுனி பார்க்கும் திசையில்தான் சிக்னல் மிகக் குறைவு. குச்சியைச் சுற்றிப் பக்கவாட்டில்தான் அது பரவுகிறது. ஒரே தளம் என்றால் நிமிர்த்தி வையுங்கள். மாடிக்கும் வேண்டுமென்றால் ஒன்றை மட்டும் படுக்கையாகச் சாய்த்து வையுங்கள்.

கே: சிக்னலே இல்லாத அறையில் ரிப்பீட்டர் (வைஃபையை வாங்கி மறுபடி பரப்பும் கருவி) வைத்தேன். போனில் கோடுகள் முழுதாகத் தெரிகின்றன, வேகம்தான் இல்லை.

ப: அந்தக் கோடுகள் போனுக்கும் ரிப்பீட்டருக்கும் இடையே உள்ள சிக்னலைத்தான் காட்டுகின்றன. ரிப்பீட்டருக்கே சரியாக வராவிட்டால் அது எதைக் கொடுக்கும்? பாதி வழியில், சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் இடத்தில் வையுங்கள். வைஃபை அளக்கும் செயலி காட்டும் சிக்னல் அளவு (dBm) -50 என்றால் அருமை, -65 போதும், -80 என்றால் அங்கே ரிப்பீட்டர் வைத்துப் பயனில்லை. ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே அனுப்பும் மலிவு ரிப்பீட்டர்களில் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். கேபிள் இழுக்க வழியிருந்தால் ரிப்பீட்டரே வேண்டாம் என்பேன்.

கே: மைக்ரோவேவ் அடுப்பு ஓடும்போது மட்டும் வைஃபை அறுந்து அறுந்து வருகிறது.

ப: அடுப்பும் வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு அருகில்தான் இயங்குகிறது. ரவுட்டரைச் சமையலறையிலிருந்து தள்ளி வைத்து, போனை வைஃபையின் இன்னொரு அலைவரிசையான 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். சுவர் இரண்டு மூன்று குறுக்கிட்டால் 5 சோர்ந்துவிடும். அந்த அறைகளுக்கு 2.4 இருக்கட்டும்.