கடன் ஒப்புதலுக்குக் காத்திருக்கும் ஏழாவது வாரம்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு வயது 36. நானும் கணவரும் சேர்ந்து வீட்டுக்கடனுக்கு விண்ணப்பித்து ஏழாவது வாரம் நடக்கிறது. ஆரம்பத்தில் எல்லாம் மளமளவென்று நடந்தது. சம்பளச் சீட்டு, ஆறு மாத வங்கி ஸ்டேட்மென்ட் கேட்டார்கள், கொடுத்தோம். மூன்றாவது வாரம் மதிப்பீட்டாளர் வந்து வீட்டை அளந்து, படம் எடுத்துக்கொண்டு போனார். அதன்பிறகு பேச்சுமூச்சில்லை. செயலியைத் திறந்தால் 'பரிசீலனையில் உள்ளது' என்ற ஒரே வரிதான்.

அதை ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது முறை பார்க்கிறேன். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தாலே நெஞ்சு படபடக்கிறது. விடியற்காலை மூன்று மணிக்கு விழித்தால் பிறகு தூக்கமில்லை. கணவரோ 'வரும்போது வரும்' என்கிறார். அந்த வார்த்தையைக் கேட்டாலே எரிச்சல் பொங்குகிறது. மாமியார் தினமும் 'என்ன ஆச்சு?' என்று கேட்கிறார். வீட்டை விற்பவர் கெடு தேதியை நினைவுபடுத்திக்கொண்டே இருக்கிறார்.

இன்னொன்றும் இருக்கிறது. என் கணவர் மூன்று வருடத்துக்கு முன் நண்பர் ஒருவரின் கடனுக்கு ஜாமீன் கையெழுத்து போட்டிருக்கிறார். எனக்கே போன மாதம்தான் தெரியும். விண்ணப்பத்தில் அதைக் குறிப்பிடவில்லை. கேட்டால், 'அது நம் கடன் இல்லையே' என்கிறார். இந்தக் காத்திருப்பை நான் எப்படித் தாங்குவது?

இப்படிக்கு,
ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிப் பத்தியிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் கடிதத்தில் இரண்டு பயங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. 'கடன் கிடைக்குமா' என்பது ஒன்று. அதற்கு நீங்கள் இப்போது செய்யக்கூடியது அதிகமில்லை. 'ஜாமீன் விஷயம் வெளியே வந்துவிடுமா' என்பது இன்னொன்று. அதை இந்த வாரமே தீர்க்க முடியும். எத்தனை முறை செயலியைத் திறந்தாலும் மனம் அடங்காததற்கு இந்த இரண்டாவது பயம் ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

ஜாமீன் கையெழுத்து வெறும் சாட்சிக் கையெழுத்து அல்ல. கடன் வாங்கியவர் கட்டத் தவறினால் ஜாமீன்தாரர் கட்ட வேண்டும். பல இடங்களில் அது ஜாமீன்தாரரின் கிரெடிட் ரிப்போர்ட்டிலும் (கடன் வரலாற்று அறிக்கை) பதிவாகிறது. கடன் கொடுப்பவர் அதைத் தானே கண்டுபிடித்தால், தவணைச் சுமையைப் பற்றிய கேள்வி 'ஏன் சொல்லவில்லை' என்ற கேள்வியாக மாறிவிடும். விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் 'மேற்கண்ட விவரங்கள் அனைத்தும் உண்மை' என்று இருவரும் கையெழுத்திட்டிருப்பீர்கள். ஆகவே நீங்களே முந்திக்கொள்ளுங்கள்.

நண்பரிடம் அந்தக் கடனின் கணக்கு விவரத்தை வாங்குங்கள். மீதித் தொகை, மாதத் தவணை, கடைசி 12 மாதமும் தவறாமல் கட்டியதற்கான பதிவு ஆகிய மூன்றும் அதில் இருக்க வேண்டும். பிறகு கணவரே லோன் ஆஃபீசருக்கு எழுத்து மூலமாக நான்கு வரி அனுப்பட்டும்: 'இன்னாரின் கடனுக்கு ஜாமீன் நிற்கிறேன், விண்ணப்பத்தில் விடுபட்டுவிட்டது, விவரம் இணைத்திருக்கிறேன், வேறென்ன தேவை என்று சொல்லுங்கள்.' தவணை ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தால் சில இடங்களில் இதைச் சுமையாகக் கணக்கில் எடுப்பதே இல்லை. எடுத்தாலும் பெரும்பாலும் கடன் தொகைதான் கொஞ்சம் குறையும். மறைத்தது தெரியவந்தால் விண்ணப்பமே போகலாம்.

கணவரிடம் இதைப் பேசும்போது 'ஏன் கையெழுத்து போட்டீர்கள்' என்று தொடங்காதீர்கள். அந்தக் கேள்விக்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் அதற்கு வேறொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். 'இந்தக் கடிதத்தை இன்று சேர்ந்து எழுதுவோம்' என்று காகிதத்தோடு உட்காருங்கள். 'வரும்போது வரும்' என்பது அலட்சியமாக உங்களுக்குத் தெரிகிறது. தன் கையெழுத்தால் வந்த வினையைப் பார்க்கத் துணியாத ஒருவரின் பேச்சாகவும் அது இருக்கலாம்.

இனி, காத்திருப்புக்கு வருவோம். வெளியிலிருந்து பார்க்க ஒரே மௌனமாகத் தெரிந்தாலும் உள்ளே வேலை பல மேசைகளில் நடக்கிறது. வருமானச் சரிபார்ப்பு, கடன் வரலாறு, சொத்து மதிப்பீடு, பத்திரங்களின் சட்ட ஆய்வு, கடைசியாக ஒப்புதல் தரும் அதிகாரி. மதிப்பீட்டாளர் வந்து போயிருப்பதால், கோப்பு பெரும்பாலும் கடைசி இரண்டு மேசைகளில் ஒன்றில் இருக்கும். அங்கே தாமதத்துக்குக் காரணம் அநேகமாகச் சின்ன விஷயங்கள்தான்: பத்திரத்தில் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் வேறு விதமாகவும் எழுதப்பட்ட பெயர், ஸ்டேட்மென்ட்டில் விடுபட்ட ஒரு பக்கம், விளக்கமில்லாமல் கணக்கில் விழுந்த பெரிய தொகை, நாள் கடந்து பழையதாகிவிட்ட சம்பளச் சீட்டு. 'பரிசீலனையில் உள்ளது' என்ற வரி நிராகரிப்பின் அறிகுறி அல்ல. கோப்பு எந்த மேசையில் இருந்தாலும் செயலி அதே வரியைத்தான் காட்டும். அதனால்தான் நாற்பது முறை பார்த்தும் உங்களுக்குப் புதிதாக ஒன்றும் கிடைப்பதில்லை.

செயலியைப் பார்ப்பதற்குப் பதிலாக வாரத்துக்கு ஒருமுறை, செவ்வாய் காலை 11 மணி என்று வைத்துக்கொண்டு, லோன் ஆஃபீசரை அழையுங்கள். கோப்பு இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது, ஏதாவது ஆவணம் பாக்கி இருக்கிறதா அல்லது பழையதாகிவிட்டதா, அடுத்த கட்டம் உத்தேசமாக எந்தத் தேதியில் முடியும் என்று கேளுங்கள். பதிலைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். அறிவிப்பு மட்டும் வரும்படி வைத்துக்கொண்டு, செயலியை முகப்புத் திரையிலிருந்து எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் 'இன்னும் மறுக்கவில்லை' என்று ஒரு நிமிட ஆறுதல் கிடைக்கிறது, அந்த ஆறுதல்தான் அடுத்த முறை பார்க்கத் தூண்டுகிறது. முதல் மூன்று நான்கு நாள் கை பரபரக்கும், பிறகு தணியும். மாமியாருக்கும் இதே பதிலைக் கொடுங்கள்: 'செவ்வாய்க்கிழமை விசாரிப்போம் அத்தை, தெரிந்ததும் முதலில் உங்களிடம்தான் சொல்வோம்.'

இந்த அளவுக்குத் தவிப்பதை உங்கள் பலவீனமாக எண்ணாதீர்கள். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்ட சோதனையில், கையில் லேசான மின்னதிர்ச்சி நிச்சயம் வரும் என்று தெரிந்திருந்தபோது இருந்ததைவிட, வரலாம் வராமலும் போகலாம் என்று சரிபாதி வாய்ப்பில் இருந்தபோதுதான் மன அழுத்தம் உச்சத்தில் இருந்தது. அதே ஆண்டு வெளியான இன்னோர் ஆய்வு, வழக்கறிஞர் தேர்வு முடிவுக்காக நான்கு மாதம் காத்திருந்த பட்டதாரிகளைப் பின்தொடர்ந்தது. பதற்றத்தை அடக்க அவர்கள் கையாண்ட வழிகள் பெரிதாகப் பலிக்கவில்லை. ஆனால் காத்திருந்தபோது அதிகம் கவலைப்பட்டவர்கள், கெட்ட செய்தி வந்தபோது அதை நன்றாகவே சமாளித்தார்கள். எனவே கவலையே இல்லாமல் இருக்க வேண்டும் என்ற இலக்கு வேண்டாம். அதற்கு ஒரு நேரம் ஒதுக்கினால் போதும்.

அதற்கான முறையை உளவியலாளர் தாமஸ் போர்கோவெக்கும் அவருடைய குழுவினரும் 1983-ல் விவரித்தார்கள். தினமும் ஒரே நேரம், ஒரே இடம், அரை மணி. படுக்கையறையில் வேண்டாம், தூங்கப் போகுமுன்னும் வேண்டாம், மாலை ஆறு மணி போல வையுங்கள். மற்ற நேரத்தில் கவலை வந்தால் ஒரு சீட்டில் ஒரு வரி எழுதி, 'ஆறு மணிக்கு' என்று தள்ளிவையுங்கள். ஆறு மணிக்கு அந்தச் சீட்டை எடுத்து, என்னால் செய்ய முடிவது எது, முடியாதது எது என்று பிரியுங்கள். பாதிக் கவலைகள் அந்த நேரத்துக்குள் வலுவிழந்திருக்கும். மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் இருபது நிமிடம் போல் பாருங்கள், தூக்கம் வராவிட்டால் எழுந்து மங்கிய வெளிச்சத்தில் உட்காருங்கள். கடிகாரமும் போனும் வேண்டாம். நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை விடுவதை ஐந்து நிமிடம் செய்துவிட்டு, கண் சொக்கியதும் படுக்கைக்குத் திரும்புங்கள்.

'கிடைக்காவிட்டால்?' என்ற கேள்விக்கும் ஒரு மாலை ஒதுக்கி, இருவரும் சேர்ந்து பதில் எழுதுங்கள். மனம் சுற்றிச் சுற்றி வருவது இந்தப் பதில் இல்லாத இடத்தைத்தான். மதிப்பீடு குறைவாக வந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். விலை 100 பங்கு, கடன் மதிப்பில் 80 சதவீதம் என்றால் உங்கள் கையிலிருந்து 20 பங்கு. மதிப்பீடு 90 என்று வந்தால் கடன் 72, உங்கள் பங்கு 28. அந்தக் கூடுதல் 8 பங்கை விலை பேசிக் குறைக்க முடியுமா, சேமிப்பிலிருந்து எடுக்க முடியுமா, விட்டுவிடுவதா என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். முழுதாக மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பதற்றத்தில் ஒரே வாரத்தில் நான்கு இடங்களில் விண்ணப்பிக்காதீர்கள், ஒவ்வொரு விசாரணையும் கிரெடிட் ரிப்போர்ட்டில் பதிவாகும்.

விற்பவரிடம் கெடுவை நீட்டித்து எழுத்தில் வாங்குங்கள். கடன் மறுக்கப்பட்டால் அட்வான்ஸ் திரும்பக் கிடைக்கும் என்ற வரி ஒப்பந்தத்தில் இல்லையென்றால், அதையும் இப்போதே கேளுங்கள். பணம் கைக்கு வரும்வரை இருவரும் வேலை மாற வேண்டாம், தவணையில் எதுவும் வாங்க வேண்டாம், பழைய கிரெடிட் கார்டை மூட வேண்டாம். ஒப்புதல் கடிதம் வந்தபிறகும் இது பொருந்தும். அது பெரும்பாலும் நிபந்தனைகளோடுதான் வரும், அதைப் படித்துப் பயந்துவிடாதீர்கள். நிபந்தனைகளை ஒவ்வொன்றாக முடித்தபின்தான் பணம் விடுவிப்பார்கள்.

இரண்டு மூன்று வாரம் இப்படிச் செய்தும் தூக்கம் திரும்பாவிட்டாலோ, வேலையில் கவனம் நிற்காவிட்டாலோ நேரில் ஓர் உளவியல் ஆலோசகரைப் பாருங்கள். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் காத்திருக்காமல் அன்றைக்கே மனநல மருத்துவரிடம் போங்கள், கணவரையும் அழைத்துக்கொள்ளுங்கள். இப்போதைக்கு முதல் வேலை, நண்பரிடம் அந்தக் கணக்கு விவரத்தைக் கேட்பது.

அன்புடன்,
ஆலோசகர்