எந்த கம்பெனி பெட்ரோல் போட்டால் காருக்கு மைலேஜ் கூடக் கிடைக்கும்?

கேட்டவர் புதுசாகக் கார் வாங்கியிருப்பார், ஷோரூமில் சொன்ன மைலேஜ் வரவில்லை, பங்க்கை மாற்றி மாற்றிப் பார்க்கிறார் என்று நினைக்கிறேன். கம்பெனியால் வருகிற வித்தியாசம் நம் கணக்கில் பிடிபடும் அளவுக்கு இருக்காது.

நான் மதுரையில் ஆக்டிங் டிரைவர். நாலைந்து வீட்டுக் கார்களை ஓட்டுகிறேன், ஒவ்வொரு ஓனருக்கும் ஒவ்வொரு பங்க் மேல் பக்தி. மைலேஜ் குறைந்தால் முதலில் பெட்ரோல் மேல் சந்தேகம் வரும், அடுத்து டிரைவர் மேல் வரும். அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

கே.கே. நகரில் ஒரு சார். குடும்பத்தோடு கொடைக்கானல் போனோம். காளவாசல் பக்கம் ஒரு பங்க்கில் டேங்க்கை நிரப்பி மீட்டரை ஜீரோ பண்ணினார். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் மைலேஜ் சரசரவென்று இறங்கியது. கொடைக்கானல் 2,000 மீட்டருக்கும் மேலே இருக்கிற ஊர். ஐந்து பேர், டிக்கி நிறையப் பெட்டி, பாதி தூரம் செகண்ட் கியர். குறையாமல் என்ன செய்யும்? மேலே வேறொரு கம்பெனி பங்க்கில் நிரப்பி, மறுபடி ஜீரோ பண்ணினார். இறங்கும்போது ஆக்சிலரேட்டருக்கு வேலையே இல்லை. கியரில் போட்டுக் காலை எடுத்துவிட்டால் இப்போது வருகிற இஞ்சின்கள் பெட்ரோலையே நிறுத்திவிடும். மதுரை வந்தபோது மீட்டர் லிட்டருக்கு 24 கிலோமீட்டர் காட்டியது. "பாத்தியாப்பா, இதுதான் பெட்ரோலு" என்றார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. "போறப்ப ஊத்துனது பூரா வண்டிக்குள்ளதான் போச்சா?" என்றும் கேட்டார். மேடமும் பிள்ளைகளும் பின்னால் இருக்கிறார்கள். நான் என்னத்தைச் சொல்ல?

சென்னை மணலியிலிருந்து திருச்சி வழியாக மதுரைக்குப் பூமிக்கடியில் குழாயிலேயே பெட்ரோல் வருகிறது. ஒரு கம்பெனியின் டெப்போவிலிருந்து இன்னொரு கம்பெனி சரக்கு எடுத்துக்கொள்வதும் வழக்கம்தான். எல்லாரும் ஒரே அரசுத் தர அளவுக்குள் விற்க வேண்டும். 2020 ஏப்ரலிலிருந்து அது பிஎஸ்-6, அதாவது புகை மாசைக் குறைக்க வைத்த அளவு. அவரவர் சேர்க்கிற மருந்து மட்டும் வேறு. அது இஞ்சினைச் சுத்தமாக வைக்கும், ஒரு டேங்க்கில் மைலேஜைத் தூக்கிவிடாது. ஆக்டேன் (இஞ்சினில் தட்டல் வராமல் தாங்குகிற அளவு) கூடின, விலையும் கூடின பெட்ரோல், அதைக் கேட்கிற இஞ்சினுக்குத்தான் பிரயோஜனம்.

மைலேஜைக் குறைக்கிற விஷயம் ஒன்று நிஜமாகவே இருக்கிறது: பெட்ரோலில் கலக்கிற எத்தனால் என்கிற ஆல்கஹால். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கிற சக்தி, பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். இப்போது 20 சதவீதம் கலக்கிறார்கள், அது எல்லா கம்பெனியிலும் உண்டு. பங்க்கை மாற்றி அதிலிருந்து தப்ப முடியாது.

"எங்கள் ஊர் பங்க்கில் அளவே குறைகிறது" என்று சிலர் சண்டைக்கு வருவீர்கள். இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது பங்க்கை நடத்துகிறவரின் வேலை, மேலே இருக்கிற போர்டின் வேலை இல்லை. முத்திரை வைத்த 5 லிட்டர் அளவுக் கலம் எல்லா பங்க்கிலும் இருக்க வேண்டும், கேட்டால் பிடித்துக் காட்ட வேண்டும். 25 மில்லி வரை கூடக் குறைய இருக்கலாம். கேட்டால் முறைப்பார்கள், அதையெல்லாம் பார்க்கக் கூடாது.

பெட்ரோலுக்கு இவ்வளவு கணக்குப் பார்க்கிற ஓனர்கள் பேட்டா என்றால் மட்டும் கணக்கை மறந்துவிடுகிறார்கள். கல்யாண வீட்டுக்குக் கூட்டிப் போவார்கள், டிரைவர் சாப்பிட்டானா என்று ஒருத்தர் கேட்க மாட்டார். கடைசிப் பந்தியில் உட்கார்ந்தால் பாயசம் தீர்ந்திருக்கும். ராத்திரித் தூக்கம் கொசுவோடு காருக்குள்ளேதான். கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசி போட்டால், அதற்கும் பெட்ரோல் கணக்கு வரும்.

சரி, உங்களுக்குச் சந்தேகம் தீர வேண்டுமென்றால் மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு பங்க்கில் ஆட்டோ கட் ஆகும் வரை நிரப்பி, நாலுவழிச் சாலையில் திருச்சி போய்த் திரும்பி, அதே பங்க்கில் அதே மாதிரி நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை இரண்டாவது தடவை பிடித்த லிட்டரால் வகுங்கள். அடுத்த தடவை வேறு கம்பெனி, ஆனால் அதே ரோடு, அதே வேகம், ஏசியும் அதே மாதிரி. பெரிய வித்தியாசம் தெரிந்தால் முதலில் டயரில் காற்றைப் பாருங்கள், அப்புறம் ஏர் ஃபில்டர். டிரைவரைக் கடைசியாகக் கேட்டுக்கொள்ளலாம்.