பகலில் ஃபிளாஷ் போட்டால் படம் ஏன் வெளுக்கிறது?

கேள்வி: வெயிலில் ஆட்களைப் படமெடுக்கும்போது கண்ணுக்கும் மூக்குக்கும் கீழே கறுப்பாக நிழல் விழுகிறது. அதைப் போக்க ஃபிளாஷ் போட்டால் மொத்தப் படமும் வெளுத்துவிடுகிறது. ஃபிளாஷ் அளவை மைனஸ் 2 வரை குறைத்தும் பயனில்லை. ஃபிளாஷை அணைத்தால் படம் சரியாக வருகிறது. அப்பர்ச்சர் பிரையாரிட்டி மோடில் (லென்ஸ் திறப்பை நான் வைக்க, ஷட்டர் வேகத்தைக் கேமரா தேர்ந்தெடுக்கும்), ஐஎஸ்ஓ எனும் ஒளியுணர்திறன் 100, லென்ஸ் திறப்பு எஃப் 2.8 வைத்து எடுக்கிறேன். ஃபிளாஷில் கோளாறா?

பதில்: ஃபிளாஷ் நன்றாகத்தான் இருக்கிறது. உங்கள் படத்தை வெளுக்க வைப்பது வெயில். மேனுவல் மோடில் 1/200, எஃப் 2.8 வைத்து, ஃபிளாஷ் இல்லாமல் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். அதுவும் வெளுத்தே வரும்.

நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப் 2.8 என்றால் ஷட்டர் வேகம் 1/3200 அளவுக்கு வேண்டும். ஃபிளாஷ் அணைந்திருக்கும்போது கேமரா தானாகவே அங்கே போய்விடுகிறது. ஃபிளாஷைப் போட்டதும் 1/200 அல்லது 1/250-க்கு மேல் போக மறுக்கிறது. ஷட்டரில் இரண்டு திரைகள் உண்டு. அந்த வேகத்தைத் தாண்டினால், முதல் திரை முழுதாகத் திறப்பதற்குள் இரண்டாவது திரை மூடத் தொடங்கிவிடும். சென்சாருக்கு முன்னால் ஒரு கீற்றுதான் திறந்திருக்கும். கண்ணிமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும் ஃபிளாஷ் அந்தக் கீற்றில் மட்டுமே பட்டு, மீதி இடத்தில் கறுப்புப் பட்டை விழும். ஆக 1/3200 வேண்டிய இடத்தில் 1/200. பதினாறு மடங்கு வெளிச்சம், அதாவது நான்கு ஸ்டாப் கூடுதல் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு). வியூஃபைண்டரில் ஷட்டர் எண் மினுக்கியிருக்குமே, அது இதற்கான எச்சரிக்கைதான். பெரும்பாலோர் அதைக் கவனிப்பதில்லை.

எளிய வழி, அப்பர்ச்சரைக் குறுக்குவது; எஃப் எண் கூடக் கூடத் திறப்பு சிறுக்கும். ஐஎஸ்ஓ 100, 1/200, எஃப் 11: நேர் வெயிலுக்கு இந்தக் கணக்கு போதும். ஆட்டோ ஐஎஸ்ஓவை மறக்காமல் அணைத்துவிடுங்கள். அது தன் இஷ்டத்துக்கு 400-க்கு ஏறினால் இரண்டு ஸ்டாப் கூடிப்போய்ப் படம் மறுபடி வெளுக்கும். முதலில் ஃபிளாஷ் இல்லாமல் பின்னணி சரியாக வருகிறதா என்று பாருங்கள், ஒரு இழை இருட்டாக இருந்தாலும் நல்லதே. அப்புறம்தான் ஃபிளாஷ். ஆள் சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்றால் முகம் முழுக்க ஒரே நிழலாக இருக்கும், ஃபிளாஷால் நிரப்புவதும் எளிது.

பின்னணி மங்கலாகவே வேண்டும், எஃப் 2.8-ஐ விட மனமில்லை என்றால் ஹை ஸ்பீட் சிங்க் இருக்கிறது. ஃபிளாஷ் ஒரே வெட்டாக வெட்டாமல் படுவேகமாகத் துடித்துக்கொண்டே இருப்பதால் கீற்று நகரும் நேரம் முழுக்க வெளிச்சம் கிடைக்கும், 1/3200-இலும் எடுக்கலாம். ஆனால் பலம் வெகுவாகக் குறைந்துவிடும், ஆளுக்கு இரண்டு மீட்டருக்குள் நில்லுங்கள். கேமராவோடு வரும் சிறு ஃபிளாஷ்களில் பெரும்பாலும் இந்த வசதி கிடையாது. தனியாக மாட்டும் ஃபிளாஷிலும் மெனுவில் போய் இயக்க வேண்டியிருக்கும்.

அது இல்லையென்றால் நான்கு ஸ்டாப் குறைக்கும் என்டி ஃபில்டர், அதாவது லென்ஸின் முன்னால் மாட்டும் கருங்கண்ணாடி. ஃபில்டர் ஃபிளாஷ் ஒளியையும் சேர்த்தே தடுக்கும், அதனால் எஃப் 11-க்குத் தேவைப்பட்ட அதே பலம் இங்கும் தேவை. ஃபோகஸ் செய்வதும் கொஞ்சம் சிரமம். எனக்கு அவ்வளவாகப் பிடிக்காத வழி, ஆனால் வேலை நடக்கும்.

இதையெல்லாம் சரிசெய்த பிறகும் பின்னணி நன்றாக இருந்து முகம் மட்டும் வெளுத்தால், அப்போது ஃபிளாஷைக் குறை சொல்லலாம். டிடிஎல் மோடில், அதாவது ஃபிளாஷ் பலத்தைக் கேமராவே அளந்து வைக்கும் மோடில், ஃபிளாஷ் காம்பன்சேஷனை (நீங்கள் குறைத்துப் பார்த்த அதே ஃபிளாஷ் அளவு) மைனஸ் 1-இல் தொடங்குங்கள். கறுப்பு உடை அணிந்தவர் என்றால் கேமரா ஏமாந்து கூடுதலாக அடிக்கும், மைனஸ் 2 வரை போகலாம். ஃபிளாஷ் காம்பன்சேஷனும், படத்தின் மொத்த வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனும் வேறு வேறு என்பது நினைவிருக்கட்டும்; இரண்டாவதைத் திருகினால் பின்னணியும் மாறும். ஃபிளாஷே மேனுவலில் இருந்தால் காம்பன்சேஷன் எதையும் செய்யாது, பலத்தை 1/4, 1/8 என்று நீங்களேதான் இறக்க வேண்டும். அல்லது பின்னால் நகருங்கள்: தூரம் இரண்டு மடங்கானால் முகத்தில் படும் ஃபிளாஷ் கால்பங்காகிவிடும், வெயில் அப்படியே இருக்கும்.