சவரக்கத்தி தீட்ட நல்ல தோல் வார் எப்படித் தெரிவு செய்வது?

அப்பப்பாவின் மடக்குச் சவரக்கத்தி கைக்கு வந்திருக்கிறது, தீட்டுவதற்கு வார் தேடினால் 2 அங்குலம், 3 அங்குலம், மாட்டுத் தோல், குதிரைத் தோல் என்று ஒன்லைனில் வந்து குழப்புகிறது, விலை கூடியதுதான் நல்லதா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் கொழும்புதான். பதினொரு வருடமாக மடக்குக் கத்தியால்தான் சவரம் எடுக்கிறேன். முதல் வாரை மலிவாக வாங்குங்கள். தோல் நல்லதாக, அகலமாக, தட்டையாக இருந்தால் போதும். பூ வேலைப்பாட்டுக்கும் பித்தளை வளையத்துக்கும் காசு கொடுக்கவேண்டாம்.

மலிவு என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. முதல் வாரை எப்படியும் வெட்டிவிடுவீர்கள். நான் மூன்றாம் நாளே வெட்டினேன். வாரின் நுனியில் கத்தியைத் திருப்பும்போது வாய், அதாவது வெட்டும் ஓரம், தோலில் இறங்கி, பிறை வடிவில் ஒரு கீறல். அதன்மேல் கத்தி போகும் ஒவ்வொரு தடவையும் ‘டிக்’ என்று தட்டும், அந்த இடத்தில் வாய் கெடும். கொட்டாஞ்சேனையில் நெடுங்காலம் சலூன் நடத்திய ஐயா ஒருவரிடம் அதைக் கொண்டுபோய்க் காட்டினேன். “தம்பி, மணிக்கட்ட திருப்பாதீங்க. விரலுக்குள்ள கத்திய உருட்டுங்க, முதுகு தோல விட்டு எழும்பவே கூடாது” என்றார். கத்தியின் முதுகு முன்னே போகவேண்டும், வாய் பின்னாலே இழுபடவேண்டும். முனையில் வந்ததும் முதுகின் மேலேயே புரளவேண்டும். இது கைக்குப் பழக ஒரு மாதமாவது எடுக்கும். அந்த மாதத்துக்குத்தான் மலிவு வார்.

சரி, வார் என்னதான் செய்கிறது? கூர் வைப்பது கல்லின் வேலை. சவரம் எடுக்கும்போது கத்தியின் வாயில் கண்ணுக்குத் தெரியாத அளவில் வளைவுகள் வந்துவிடும். தோல் அவற்றை நேராக்கி மெருகேற்றுகிறது. இதைப் புரிந்துகொண்டால் எதைப் பார்த்து வாங்குவது என்பதும் விளங்கிவிடும். மேடு பள்ளம் உள்ள தோல், அல்லது இழுத்துப் பிடித்தாலும் தொய்கிற தோல், வாயை நேராக்குவதற்குப் பதிலாக உருட்டிவிடும். நான் ஒருமுறை ஒன்லைனில் வாங்கிய வார் அப்படித்தான். படத்தில் அழகு, கையில் கைப்பைத் தோல் மாதிரி மெது மெதுவென்று இருந்தது. இரண்டு கிழமையில் கத்தி தாடையை இழுக்கத் தொடங்கியது. என் கைதான் பிழை என்று நினைத்து இன்னும் நிறையத் தீட்டினேன், இன்னும் மழுங்கியது.

ஆகவே தோல் எப்படிப் பதனிடப்பட்டது என்பதை முதலில் கேளுங்கள். வாருக்கு வேண்டியது மரப்பட்டையில் பதனிட்ட தோல். தமிழ்நாட்டில் பழங்காலமாக ஆவாரம் பட்டையில் பதனிடுவார்கள். நாங்கள் இங்கே ரணவரா என்று பூவைக் காய்ச்சிக் குடிக்கிறோமே, அதே செடியின் பட்டை. அப்படிப் பதனிட்ட தோல் இறுக்கமாக இருக்கும், இழுத்தாலும் அவ்வளவாக நீளாது. குரோமியம் உப்பில் பதனிட்டது சட்டைக்கும் கதிரை உறைக்கும் நல்லது, வாருக்கு மெது கூடிவிடும்.

கடைக்காரர் சொல்வதை நம்பி வாங்கவேண்டியதில்லை, தோலே சொல்லும். வெட்டிய ஓரத்தை வெளிச்சத்தில் பாருங்கள். நடுவில் நீலச் சாம்பல் நிறம் ஓடினால் அது குரோமியம். ஓரம் முழுக்க ஒரே பழுப்பாக இருந்து, மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனால் மரப்பட்டை வாசமும் வந்தால் பட்டைத் தோல். பிறகு பெருவிரலால் அழுத்தித் தள்ளுங்கள். மேல்தோல் முழுமையாக உள்ளதில் விரலைச் சுற்றி மெல்லிய சுருக்கம் விழுந்து, விரலை எடுத்ததும் மறையும். மேலே பெயின்ட் மாதிரிப் பூச்சு இருந்தால் அது பிளாஸ்ரிக் போலப் பளபளத்து வழுக்கும். அதில் கத்தி தோலையே தொடுவதில்லை. இடுப்புப் பெல்ட்டில் தீட்டலாமா என்று பலர் கேட்கிறார்கள். அனேகமான பெல்ட்டில் அந்தப் பூச்சுத்தான் இருக்கிறது, வேண்டாம். கடைசியாக, தோலைக் கடைக் கண்ணாடி மேசையில் விரித்து ஓரமாகக் குனிந்து பாருங்கள். மிருகத்தின் முதுகுப் பக்கத் தோல் படிந்து கிடக்கும், வயிற்றுப் பக்கத் தோல் அலை அலையாக எழும்பும். முதுகுப் பக்கமே கேளுங்கள்.

அகலத்தில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். சவரக்கத்தியின் வாய் ஏறக்குறைய 7 சென்ரிமீற்றர். 3 அங்குல வாரில் முழு வாயும் ஒரே இழுப்பில் படும். 2 அங்குலத்தில் ஒவ்வொரு தடவையும் குறுக்காகச் சாய்த்து இழுக்கவேண்டும். பழகியவருக்கு அது ஒன்றும் இல்லை, புதியவருக்குக் கத்தியின் நுனியோ அடியோ தீட்டுப்படாமல் போய்விடும். நீளம், கத்தி ஓடக்கூடிய இடம் மட்டும் 16 அங்குலத்துக்கு மேல் இருந்தால் நல்லது.

குதிரைத் தோல் பற்றிக் கேட்டீர்கள். ஷெல் கோர்டோவன் என்பது குதிரையின் பின்தொடைப் பக்கத்தில் தோலுக்குள் இருக்கும் நெருக்கமான படலம். அமெரிக்காவில் சிக்காகோவில் 1905 முதல் இயங்கும் ஹோர்வீன் அதைப் பதனிட்டு முடிக்க ஆறு மாதம் எடுக்கிறது. விலை அதனால்தான். ஒரு நண்பரின் வாரில் தீட்டிப் பார்த்தேன், கண்ணாடியில் பட்டுத்துணி வழுக்குவது போல் கத்தி போனது. நல்ல பொருள். ஆனால் கத்தி தோலைப் பற்றி இழுக்கிற அந்தப் பிடி குறைவு, கை செய்யும் பிழை தெரியாது. எண்ணெய் ஊறிய லத்திகோ தோல் அதற்கு எதிர்மாறு, பிடித்து இழுக்கும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் சாதாரண மாட்டுத் தோல் உங்களுக்குப் போதும்.

தொங்கும் வாருக்குப் பின்னால் துணிப்பட்டை ஒன்றும் இருக்கும், லினன் அல்லது தடித்த பருத்தி. முதலில் அதில் 20 தடவை, பிறகு தோலில் 40 முதல் 60 வரை. ஒருமுறை போய் வருவது ஒரு தடவை. தினமும் சவரத்துக்கு முன். அழுத்தவே வேண்டாம், கத்தியின் சொந்தப் பாரம் போதும். கத்தியை மெருகேற்றும் பச்சை நிறக் குரோமியம் ஒக்சைட் பசையை இந்தத் தோலில் ஒருநாளும் பூசாதீர்கள். பூசியதைத் திரும்ப எடுக்க முடியாது. பசைக்கென்று வேறொரு சிறு பலகை வைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையில் நான் உங்களுக்குச் சொல்வது பலகை வார்தான். புறக்கோட்டையில் சப்பாத்துத் தைப்பவர்களுக்குத் தோல் வெட்டிக் கொடுக்கும் கடையில் 3 மில்லிமீற்றர் தடிப்பில் 3 அங்குல அகலத் துண்டு ஒன்று வாங்கி, தச்சரிடம் தட்டையாகச் சீவிய பலகையில் மினுக்கமான பக்கம் மேலே வர ஒட்டுங்கள். பாரம் வைத்து ஒரு இரவு விடுங்கள். தொய்வு என்ற பேச்சே அதில் இல்லை. கை பழகியதும் தொங்கும் வாருக்குப் போகலாம்.

அப்புறம் நம்முடைய ஈரக் காற்று. வெள்ளவத்தையில் கடலுக்குக் கிட்ட இருந்த வீட்டில் வாரைப் பாத்ரூம் கதவில் மாட்டி வைத்தேன். மே மாத மழை தொடங்கி ஒரு மாதத்தில் வெள்ளைப் பூஞ்சணம். உலர்ந்த துணியால் துடைத்து எடுத்தாலும் புள்ளிகள் இன்னும் தெரிகின்றன. காற்றோட்டமான அறைச் சுவரில், வெயில் படாத இடத்தில் மாட்டுங்கள். சவரம் எடுத்ததும் கத்தியை ஈரமில்லாமல் துடைத்து, துணிப்பட்டையில் பத்துத் தடவை இழுத்து வையுங்கள், துருப் பிடிக்காமல் இருக்க அது நல்லது. தோலுக்குத் தேங்காய் எண்ணெய் பூசாதீர்கள், ஊறித் தொய்ந்துவிடும். தினமும் உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தால் கையின் எண்ணெயும் சூடுமே போதும்.

இன்னும் ஒன்று. அப்பப்பாவின் கத்தி பல வருடம் அலுமாரியில் கிடந்ததென்றால் அதற்கு முதலில் கல் தேவை. மழுங்கிய கத்தியை எந்த வாரில் எத்தனை தடவை இழுத்தாலும் கூர் வராது. இப்போது சலூன்களில் பெரும்பாலும் ஆளுக்கொரு புது பிளேட்டை மாட்டுகிறார்கள், தொற்று வராமல் இருக்க அது சரியான முறைதான், ஆனால் கல் பிடிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். வயதான சலூன்காரர்களிடம் விசாரித்துப் பாருங்கள். கல்லில் இருந்து வந்த கத்தி முன்கை மயிரை இழுக்காமல் எடுத்தால், அன்றைக்கு வாரைத் தொடங்குங்கள்.