புதிய பயிற்சியாளரின் முதல் பருவமே தோல்வியில் முடிந்தால், அவரை உடனே நீக்கிவிட வேண்டுமா?

உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரை நீங்கள் குறிப்பிடவில்லை. பன்னிரண்டு ஆட்டங்களில் எட்டைத் தோற்றுவிட்டோம், பருவம் முழுவதற்கும் சீட்டு வாங்கிய பணம் வீணாயிற்று, இந்தப் புதிய தலைமைப் பயிற்சியாளரை இப்போதே அனுப்பிவிட்டால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். மேற்படிப்புக்காக அமெரிக்கா வந்து, அமெரிக்கக் கால்பந்தின் விதிகளைக் கற்றுக்கொண்ட கையோடு அணியின் மீது பற்றும் வைத்துவிட்டவர் நீங்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். அனுப்பக் கூடாது என்பதுதான் என் பதில். ஆனால் "பொறுத்தார் பூமியாள்வார்" என்று சொல்லி இதை முடிக்க எனக்கு விருப்பமில்லை. ஒரு தோல்விப் பருவத்தில் எத்தனை தோல்விகள் என்பதைவிட, அவை தாக்குதல், தற்காப்பு என்ற இரண்டில் எந்தப் பக்கத்திலிருந்து வந்தன என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்பதை நான் அருகிலிருந்து கண்டிருக்கிறேன்.

நான் 2008-ஆம் ஆண்டு, மிச்சிகன் பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பரில் மாணவனாக இருந்தேன். மிச்சிகன் அணி 3 வெற்றி, 9 தோல்வி என்று முடித்த ஆண்டு அது. இந்த ஆட்டத்தைச் சிறுவயதில் ஆடிப் பழகாத ஒருவனுக்குப் பயிற்சியாளரைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று சிலர் கேட்பார்கள் என்பது தெரியும்; முன்பும் கேட்டிருக்கிறார்கள். கடுங்குளிரில் மாணவர் பகுதியின் பலகை இருக்கையில் நின்றுகொண்டே அந்த அணியின் உள்ளூர் ஆட்டங்கள் அனைத்தையும் பார்த்தவன் என்பதே என் தகுதி. அந்த ஆண்டு புதிதாக வந்த தலைமைப் பயிற்சியாளர் ரிச் ராட்ரிகஸின் பக்தன் என்று என்னைச் சொல்லிவிட வேண்டாம். அவர் எங்கே தவறினார் என்பதையும் எழுதத்தான் போகிறேன்.

முந்தைய நிலையை முதலில் சொல்ல வேண்டும். 2007-ஆம் ஆண்டுப் பருவத்தை மிச்சிகன் அணி நாட்டின் 5-ஆம் இடத்தில் தொடங்கி, முதல் ஆட்டத்திலேயே ஒரு படிநிலை கீழே ஆடும் அப்பலாச்சியன் ஸ்டேட் அணியிடம் 34-32 என்று தோற்றது. ஆனாலும் மீண்டெழுந்து 9 வெற்றிகளோடு பருவத்தை முடித்தது; ஓய்வுபெற்ற பயிற்சியாளர் லாயிட் கார், தமது கடைசி ஆட்டத்தில் ஃபுளோரிடாவை 41-35 என்று வென்று விடைபெற்றார். அவருடைய இடத்துக்கு மேற்கு வர்ஜீனியாவிலிருந்து ராட்ரிகஸ் அழைத்துவரப்பட்டார். பழைய ஒப்பந்தத்தை முறித்ததற்காக மேற்கு வர்ஜீனியாவுக்குச் சேர வேண்டிய தொகை மட்டும் 40 லட்சம் டாலர். அது வழக்கு வரை போனது. அதாவது, முதல் பயிற்சி தொடங்கும் முன்பே அவர் மீது விலைச்சீட்டு ஒட்டப்பட்டுவிட்டது.

ஆனால் அவர் கைக்கு வந்த அணி, ஃபுளோரிடாவை வென்ற அணி அல்ல. தாக்குதலை நடத்திப் பந்தை எறியும் குவார்ட்டர்பேக் சாட் ஹென்னி, ஓட்டக்காரர் மைக் ஹார்ட், அந்த ஆண்டு தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.-இன் தேர்வில் முதல் ஆளாக எடுக்கப்பட்ட தடுப்பாளர் ஜேக் லாங் ஆகிய மூவரும் படிப்பை முடித்துச் சென்றுவிட்டார்கள். பந்துபிடிப்பாளர்கள் மாரியோ மானிங்ஹாமும் ஏட்ரியன் ஏரிங்டனும் ஓராண்டு மிச்சமிருக்கும்போதே தொழில்முறை ஆட்டத்துக்குப் போனார்கள். ஹென்னிக்குப் பின் வர வேண்டிய ரயன் மாலெட் ஆர்கன்சாஸுக்கு மாறினார். தடுப்பாளர் ஜஸ்டின் போரென், மிச்சிகனின் பரம எதிரியான ஒஹாயோ ஸ்டேட்டுக்கே போய்ச் சேர்ந்தார். ராட்ரிகஸின் ஆட்டமுறைக்கென்றே பிறந்தவர் போலிருந்த, பள்ளியை முடிக்கவிருந்த குவார்ட்டர்பேக் டெரல் பிரையரும் 2008 மார்ச்சில் ஒஹாயோ ஸ்டேட்டைத் தேர்ந்தெடுத்தார்.

ராட்ரிகஸின் ஆட்டமுறை களத்தின் அகலம் முழுவதும் ஆட்களைப் பரப்பி ஆடும் ஸ்ப்ரெட் முறை. அதில் குவார்ட்டர்பேக் பந்தை வாங்கியதும், எதிரணியின் ஓரத் தடுப்பாளர் எந்தப் பக்கம் நகர்கிறார் என்பதைக் கவனித்து, பந்தை ஓட்டக்காரரிடம் கொடுப்பதா, தானே ஓடுவதா என்று அந்தக் கணத்திலேயே முடிவெடுக்க வேண்டும். அதற்குக் கால்வேகமுள்ள குவார்ட்டர்பேக் வேண்டும். இருந்தவர்களோ, நின்று எறியும் பாங்குள்ள நெடிய உடல்வாகு கொண்ட ஸ்டீவன் த்ரீட்டும், விளையாட்டு உதவித்தொகையின்றி அணியில் சேர்ந்த நிக் ஷெரிடனும். இருவரையும் நான் குறைசொல்ல மாட்டேன். தங்களுக்காக வகுக்கப்படாத ஆட்டத்தை லட்சம் பேருக்கு முன்னால் ஆடினார்கள்.

முதல் ஆட்டத்தில் யூட்டாவிடம் 25-23 என்று தோற்றோம். அன்று அரங்கில் எழுந்த ஏளனம் இன்னும் நினைவிருக்கிறது. அந்த யூட்டா அணி அதன்பின் ஒரு தோல்வியும் காணாமல் 13 வெற்றிகளோடு பருவத்தை முடித்து, பருவத்துக்குப் பின் தேர்ந்த அணிகளுக்காக நடக்கும் பவுல் ஆட்டங்களில் ஒன்றான சுகர் பவுலில் அலபாமாவையும் வீழ்த்தியது. இரண்டு புள்ளிகளில் எப்படிப்பட்ட அணியிடம் தோற்றோம் என்பது ஜனவரியில்தான் தெரிந்தது. அதற்குள் தீர்ப்பு எழுதி முடித்திருந்தார்கள்.

செப்டம்பர் 27 அன்று 9-ஆம் இடத்திலிருந்த விஸ்கான்சின் வந்தது. இடைவேளையில் 19-0 என்று பின்தங்கியிருந்தோம். அணி உள்ளே போகும்போது சொந்த அரங்கமே கூச்சலிட்டு இழிவுபடுத்தியது. என்னோடு வந்திருந்தவர்களில் பாதிப்பேர் எழுந்து போய்விட்டார்கள். நான் போகவில்லை, அதை இன்றும் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன். இரண்டாம் பாதியில் த்ரீட் பந்தோடு ஒரு நீண்ட ஓட்டம் ஓடினார். ஜான் தாம்ப்சன் என்ற தற்காப்பு ஆட்டக்காரர், தட்டிவிடப்பட்டு எழும்பிய பந்தைப் பிடித்துக்கொண்டு எல்லைக்கோட்டைக் கடந்தார். கடைசி நேரத்தில் சமன்செய்ய விஸ்கான்சின் எடுத்த இரண்டு புள்ளி முயற்சி வெற்றிபெற்று, தண்டனைக் கொடியால் செல்லாமற்போய், மறுமுயற்சி தோற்றது. 27-25. அந்த அரங்கின் வரலாற்றில் அதைவிடப் பெரிய மீட்சி அதற்கு முன் நிகழ்ந்ததில்லை. தோல்விப் பருவம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுபவர்கள் அந்தப் பிற்பகலை எங்கே வைப்பார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து டொலிடோவிடம் 13-10 என்று தோற்றோம். சிறிய அணிகளின் கூட்டமைப்பான மிட்-அமெரிக்கன் கூட்டமைப்பைச் சேர்ந்த ஓர் அணியிடம் மிச்சிகன் தோற்றது அதுவே முதல் முறை. கடைசி நொடிகளில் கம்பங்களுக்கிடையே உதைத்து எடுத்திருக்க வேண்டிய ஃபீல்டு கோல் விலகிப் போனது. அன்றிரவு எங்கள் அடுக்ககத்தில் வசித்த, முனைவர் பட்ட ஆய்வை முடிக்கும் கட்டத்தில் இருந்த திருநெல்வேலி அண்ணன் ஒருவரிடம் நெடுநேரம் வாதிட்டேன். ஹென்னியும் ஹார்ட்டும் ஆடிய ஆண்டுகளை முழுமையாகப் பார்த்தவர் அவர். "தம்பி, ஜெயிக்கிற பழக்கம் ஒரு தடவ விட்டுப்போச்சுன்னா அவ்வளவு லேசுல திரும்பாது. இந்த ஆளை இப்பவே அனுப்பிரணும்" என்றார். "அண்ணே, இவரு மேற்கு வர்ஜீனியாவுக்குப் போன மொத வருஷமும் இதே கதைதான்" என்று சொன்னேன். 2001-இல் அங்கே 3 வெற்றி, 8 தோல்வி. அடுத்த ஆண்டே 9 வெற்றி, 4 தோல்வி. அவர் இதை ஏற்கவில்லை. இன்றைக்கும் ஏற்கவில்லை.

அதன்பின் பென் ஸ்டேட்டிடம் 46-17, மிச்சிகன் ஸ்டேட்டிடம் 35-21, கடைசி உள்ளூர் ஆட்டத்தில் நார்த்வெஸ்டர்னிடம் 21-14, இறுதியாக ஒஹாயோ ஸ்டேட்டிடம் 42-7. 1967-க்குப் பின் அணி கண்ட முதல் தோல்விப் பருவம் அது. 1975 முதல் இடைவிடாமல் தொடர்ந்த பவுல் ஆட்ட வாய்ப்பும் அத்தோடு அறுந்தது.

களத்துக்கு வெளியே நடந்ததைச் சொல்லாவிட்டால் இந்தப் பதில் முழுமையாகாது. ராட்ரிகஸ் வெளியாள் என்பதைப் பலர் அவருக்கு நினைவூட்டிக்கொண்டே இருந்தார்கள். 1-ஆம் எண் சட்டை அங்கே ஆண்டாண்டுகளாகச் சிறந்த பந்துபிடிப்பாளர்களுக்கு உரியது. அதைப் புதிதாக வந்த ஒரு தற்காப்பு ஆட்டக்காரருக்கு அவர் கொடுக்கப்போக, முன்னாள் நட்சத்திரம் பிரேலன் எட்வர்ட்ஸ் வெளிப்படையாகக் கண்டித்தார்; பின்னர் அந்த எண் மாற்றப்பட்டது. மரபை அறிந்துகொண்டு வந்திருக்க வேண்டியது பயிற்சியாளரின் கடமை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் முன்னாள் வீரர்களும் கொடையாளர்களும் இரு அணிகளாகப் பிரிந்து நிற்கும் இடத்தில், பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் எந்த மன உறுதியோடு அந்தக் கல்லூரியில் சேர்வான்?

இன்னொரு மனக்குறையும் எனக்கு உண்டு. ராட்ரிகஸின் ஊதியம் அப்போது ஆண்டுக்கு ஏறத்தாழ 25 லட்சம் டாலர்; களத்தில் அடிபட்ட மாணவர்களுக்கோ உதவித்தொகைக்கு மேல் ஒரு காசு வாங்க அன்று அனுமதி இல்லை. தம் பெயராலும் முகத்தாலும் ஆட்டக்காரர்கள் சம்பாதிக்கலாம் என்ற நிலை 2021 ஜூலையில்தான் வந்தது. இடைவேளையில் எழுந்த கூச்சல் போய்ச் சேர்ந்தது ஊதியம் வாங்கியவரின் காதுக்கு மட்டுமல்ல. நீங்கள் கோபப்படுங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் மாணவர்களைப் பார்த்துக் கூச்சலிடாதீர்கள்.

இனி, ராட்ரிகஸை நீக்கியது சரியா என்ற கேள்விக்கு வருகிறேன். 2008-இல் நீக்கியிருந்தால் அது அநியாயம். 2010 பருவத்தின் முடிவில் நீக்கியது நியாயம். 2008-இல் அணி எடுத்த புள்ளிகள் ஆட்டத்துக்குச் சராசரியாக 20 மட்டுமே. அது தாக்குதல் பக்கத்தின் நோய், ஆளில்லாததால் வந்தது, ஆள் வந்ததும் தீர்ந்தது. 2010-இல் குவார்ட்டர்பேக் டெனார்ட் ராபின்சன் எறிந்து 2,500 கஜத்துக்கு மேலும் ஓடி 1,700 கஜத்துக்கு மேலும் சேர்த்தார். தீராதது தற்காப்பு. மேற்கு வர்ஜீனியாவில் அதைக் கவனித்துக்கொண்ட ஜெஃப் காஸ்டீல் மிச்சிகனுக்கு வரவில்லை. வந்த ஸ்காட் ஷேஃபர் ஒரே பருவத்தில் வெளியேறினார். அந்தப் பருவத்தின் நடுவிலேயே பர்டூ அணிக்கு எதிராகத் தற்காப்பு முறையை மாற்றி, 42 புள்ளிகள் எடுத்தும் 48 கொடுத்துத் தோற்றார்கள். அந்த ஒரு ஆட்டத்திலேயே பின்னால் வரப்போவது முழுவதும் இருந்தது என்று நான் கருதுகிறேன். 2010-இல் ஆட்டத்துக்கு 35 புள்ளிகள் கொடுத்தோம். கடைசி மூன்று ஆட்டங்களில் 48, 37, 52. அடுத்த ஆண்டு பிரேடி ஹோக் பயிற்சியாளராகி, கிரெக் மாட்டிசனைத் தற்காப்புக்கு நியமித்தார். பெரும்பாலும் அதே ஆட்டக்காரர்கள். கொடுத்த புள்ளிகள் 17 ஆகக் குறைந்தன. 11 வெற்றி, சுகர் பவுல் கோப்பை. மூன்று பருவங்களில் 15 வெற்றி, 22 தோல்வியோடு வெளியேறிய மனிதர் திரட்டிய பையன்கள்தாம் அதை வென்றார்கள்.

"அப்படியானால் நெப்ராஸ்காவில் பயிற்சியாளர் ஸ்காட் ஃப்ராஸ்ட் விஷயத்தில் பொறுத்திருந்து என்ன கண்டார்கள்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. 2018-இல் 4 வெற்றி, 8 தோல்வி என்று தொடங்கிய அவர் ஒரு பருவத்திலும் பாதிக்கு மேல் வெல்லாமல், 2022 செப்டம்பரில் நீக்கப்பட்டார். அந்த ஊரின் சொந்தப் பிள்ளை என்பதால் அவருக்குக் கிடைத்த பொறுமை, தோல்வியின் காரணத்தை ஆராய்ந்து கிடைத்த பொறுமை அல்ல. முதல் ஆண்டைப் பொறுக்கச் சொல்கிறேனே ஒழிய, ஒரே நோய் மூன்றாம் ஆண்டிலும் தொடர்ந்தால் பொறுக்கச் சொல்லவில்லை.

இண்டியானாவின் பயிற்சியாளர் கர்ட் சிக்னெட்டியைக் காட்டுபவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். 2023-இல் 3 ஆட்டங்களே வென்ற அணியை 2024-இல், தமது முதல் பருவத்திலேயே, 11 வெற்றிக்குக் கொண்டுசென்றார். அது அருஞ்செயல்தான். ஆனால் 2008-இல் கல்லூரி மாறிய ஆட்டக்காரர் ஓராண்டு களமிறங்காமல் காத்திருக்க வேண்டும். மாலெட்டும் அப்படித்தான் காத்திருந்தார். இன்று மாறியவுடன் ஆடலாம். எனவே ஆளில்லை என்ற காரணம் முன்பிருந்த அளவுக்கு இன்று செல்லுபடியாகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டியான் சாண்டர்ஸ் 2023-இல் கொலராடோ அணியை ஏறத்தாழ முழுவதுமாக மாற்றியும் முதல் ஆண்டு 4 வெற்றி, 8 தோல்விதான். 9 வெற்றி அடுத்த ஆண்டுதான் வந்தது. ராட்ரிகஸே 2025-இல் மேற்கு வர்ஜீனியாவுக்குத் திரும்பி, முதல் பருவத்தில் அதே 4 வெற்றி, 8 தோல்வியைச் சந்தித்திருக்கிறார்.

ஆகவே உங்கள் அணியின் எட்டுத் தோல்விகளையும் எடுத்துப் பாருங்கள். ஒரே பக்கம் பலவீனமாக இருந்து, அந்தப் பக்கத்துக்கான ஆட்டக்காரர்கள் இந்தக் குளிர்காலத்தில் வந்து சேர்கிறார்களா? தற்காப்புப் பயிற்சியாளர் நிலைக்கிறாரா, அல்லது ஆண்டுக்கொருவர் மாறுகிறாரா? நவம்பரில் ஆடிய ஆட்டம் செப்டம்பரில் ஆடியதைவிட ஒழுங்காக இருந்ததா? இவற்றுக்கு உங்களிடம் விடை இருந்தால், பல்கலைக்கழகத்தின் பெயரோடு கருத்துப் பகுதியில் எழுதுங்கள். அந்த அணியைப் பற்றி நான் நினைப்பதைத் தனியாகச் சொல்கிறேன்.